பஞ்ச் போட்ட பிறகும் ஓடும் லைன்: ஷூ கம்பெனி ஓவர்டைமுக்கு யார் கணக்கு வைப்பது?

மாதனூர் தையல்

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூருக்கு அருகிலுள்ள ஒரு ஷூ கம்பெனியில் பதின்மூன்று ஆண்டுகளாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்து வருகிறேன். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. என்னோடு அதே லைனில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் எழுத்தால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது.

எங்கள் வேலை நேரம் காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை. இடையில் அரை மணி நேரம் சாப்பாடு. தீபாவளிக்குப் பிறகு அந்த ஐந்து மணிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த பொருளும் இல்லாமல் போய்விட்டது. மணி அடித்ததும் வரிசையாகப் போய், வெளியேறும் நேரத்தைப் பதியும் பஞ்ச் போடச் சொல்கிறார்கள். போட்டுவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறோம். லைன் எட்டு மணி வரை ஓடுகிறது. "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, போகிறவர்கள் போகலாம்" என்று சூப்பர்வைசர் சொல்கிறார். ஆனால் எங்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ் எட்டு மணிக்குத்தான் புறப்படுகிறது. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் நெடுஞ்சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் விளக்கில்லாத பாதையில் நடக்க வேண்டும். அங்கிருந்து மாதனூருக்கு ஒரு பேருந்து, பிறகு ஊருக்குள் ஷேர் ஆட்டோ. பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்தவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? எனவே எவரும் போவதில்லை, எவரையும் கட்டாயப்படுத்தியதாகவும் ஆவதில்லை.

கூடுதல் மணிகளைச் சூப்பர்வைசர் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்கிறார். மாதம் முடிந்து பத்தாம் தேதிக்கு மேல் அந்தப் பணம் கவரில் ரொக்கமாக வருகிறது. சம்பளச் சீட்டில் அது இருக்காது. டிசம்பர் மாதம் என் மகளின் பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் நானே எழுதி வைத்தேன்; 71 மணி நேரம் வந்தது. நீள நோட்டில் 58 மணி நேரம் இருந்தது. என் தினக்கூலி 500 ரூபாய். எட்டால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. கவரில் 58 மணிக்கு அந்த ஒற்றைக் கணக்கில் 3,625 ரூபாய் இருந்தது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் 71 மணிக்கு 8,875 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் ஒரே தையல்காரிக்கு 5,250 ரூபாய் குறைகிறது.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. சென்ற மாதம் ஏழு மணி வாக்கில் பக்கத்து மெஷின் பெண்ணின் விரலில் ஊசி ஏறி உடைந்துவிட்டது. பதிவேட்டின்படி அவள் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். விபத்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நடந்ததாக எழுதினார்கள். அன்று ஊசியோடு போயிற்று. இன்னும் பெரிதாக ஏதாவது நடந்தால், அந்த நேரத்தில் நாங்கள் அங்கே இருந்தோம் என்று யார் சொல்வார்கள்?

வேலையை விடச் சொல்லாதீர்கள், விட முடியாது. இதை முறையாக எதிர்கொள்ள என்ன வழி என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காட்பாடி மனிதவளம்

சகோதரி, நான் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன். நீங்கள் எழுதியது நடக்காதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தில் இருக்கும் நெருக்கடியையும் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு வாங்குநர் மாதிரியை ஒப்புக்கொள்ள மூன்று வாரம் தாமதிப்பார். தோல் வந்து சேர இன்னும் பத்து நாள் தாமதமாகும். கப்பல் ஏற்றும் தேதி மட்டும் ஒரு நாளும் நகராது. தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது விலையைக் குறைக்கச் சொல்லி வந்த அழுத்தத்தை ஆம்பூரில் அறியாத முதலாளி இல்லை. அந்த அழுத்தம் முழுவதும் இறங்கிவந்து கடைசியில் தையல் லைனில்தான் நிற்கிறது.

இன்னொன்று, தொழிலாளர்களே ஓவர்டைம் கேட்கிறார்கள். ஓவர்டைம் இல்லாத கம்பெனியில் ஆள் நிற்பதில்லை. பெரும்பாலான வாங்குநர்களின் நடத்தை விதிகள் வாரத்துக்கு ஓவர்டைமும் சேர்த்து 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கின்றன. அதற்கு மேல் ஓடும் நேரத்தைப் பதிவேட்டில் காட்டினால் தணிக்கையில் ஆர்டர் போய்விடும். அதனால்தான் அந்த நீள நோட்டு பிறந்தது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ராணிப்பேட்டை ஓய்வுபெற்றவர்

தம்பி உண்மையை மறைக்காமல் எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் அவர் எழுதியதை நிதானமாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். தாமதம் வாங்குநருடையது, தோல் மண்டியுடையது, திட்டமிடுபவருடையது. அந்தத் தாமதத்துக்கான விலையை மட்டும் மாதனூர் அம்மாவின் மாலைப்பொழுது கொடுக்கிறது. அதுவும் பாதி விலையில். இரட்டிப்புக் கூலி என்று சட்டம் வைத்ததன் நோக்கமே, நேரத்தை நீட்டுவது முதலாளிக்குச் செலவு மிகுந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் திட்டத்தைச் சரிசெய்வார் அல்லது கூடுதல் ஆளை எடுப்பார் என்பதுதான். ஒற்றைக் கூலிக்கு ஓவர்டைம் கிடைக்குமானால் எந்த முதலாளி புதிய ஆளை எடுப்பார்? புதிய ஆளுக்கு வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் உண்டு. இந்தக் கவருக்கு ஒன்றுமே இல்லை.

"அவர்களே கேட்கிறார்கள்" என்பதை நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். எட்டு மணி நேரக் கூலியில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் குழுக் கடன் தவணையும் அடைந்துவிட்டால் எவரும் கேட்க மாட்டார்கள். கூலியைக் குறைவாக வைத்துவிட்டு, பற்றாக்குறையை நிரப்ப ஓவர்டைமைக் காட்டி, பிறகு அதை அவர்களின் விருப்பம் என்று பெயரிடுவது சரியல்ல.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையைச் சொல்கிறேன். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தொடங்கப்பட்டபோது இந்த நாட்டில் தொழிற்சங்கத்துக்கென ஒரு சட்டம் கூட இல்லை. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை உலகத்துக்கு வாரம் 48 மணி என்று எழுதியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு விதிவிலக்காக 60 மணி என்று எழுதியது. 1922 தொழிற்சாலைச் சட்டம் அந்த 60 மணியையே வைத்தது. 1934இல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு அது 54 ஆனது. 1946இல் 48 ஆனது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. 60இலிருந்து 48க்கு வந்துசேர இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. அம்மா, ஷிப்மென்ட் வாரத்தில் நீங்கள் நாளுக்கு மூன்று மணி கூடுதலாக இருந்தால் ஆறு நாளில் 66 மணி. ஞாயிறும் வரச் சொன்னால் 74. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அனுமதித்ததைக் காட்டிலும் அதிகமாக நீங்கள் உழைக்கிறீர்கள்.

இதைச் சட்டமாகவே ஆக்கிவிடும் முயற்சியும் நம் மாநிலத்தில் நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அப்போது வேலூரில் நாங்களும் துண்டறிக்கையோடு தெருவில் நின்றோம். மசோதா போய்விட்டது, ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் போகவில்லை. நீள நோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பேரணாம்பட்டு லாஸ்டிங்

என் அம்மா நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எத்தனை மணி நேரம் என்று எவரும் கேட்டதில்லை. இரவு பதினொரு மணிக்கு விளக்கடியில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் தூங்கி எழும்போதும் அதே இடத்தில் இருப்பார். நான் ஷூ கம்பெனிக்குப் போனபோது அவர் அடைந்த மகிழ்ச்சிக்குக் காரணமே, "மணி அடித்தால் என் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான்" என்பதுதான்.

எங்கள் கம்பெனியில் கவர் கூட இல்லை. மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதி வைக்கிறார்கள். அது முடியாவிட்டால் முடியும்வரை இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது, ஏனென்றால் "உன் டார்கெட்டை நீ முடிக்கவில்லை". மெஷின் பழுதாகி நாற்பது நிமிடம் நின்றாலும் போர்டில் எண் மாறுவதில்லை. அம்மாவின் முறம்தான் போர்டாக மாறி என் முன்னால் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இந்த நேரம் ஓவர்டைமில் சேருமா, சேராதா?

சத்துவாச்சாரி வழக்குரைஞர்

சேரும். சட்டம் பேசுவது வேலை செய்யச் சொன்ன நேரத்தை மட்டும் அல்ல, வேலை செய்ய அனுமதித்த நேரத்தையும்தான். நீங்கள் லைனில் நின்று லாஸ்டிங், அதாவது அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் வேலை, செய்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே விளக்கை அணைக்காமல் வைத்திருந்தால் அது வேலை நேரம். இலக்கு என்பது நிர்வாகத்தின் உள்கணக்கு; அது கடிகாரத்தை மாற்றாது.

இப்போது மாதனூர் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சட்டமே நம் கண்முன் மாறியிருக்கிறது.

பழைய 1948 சட்டத்தின்படி வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்பது வரம்பாக இருந்தது. அதைத் தாண்டினால் 59ஆம் பிரிவின்படி இரட்டிப்புக் கூலி. இடைவேளை உட்பட நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை பத்தரை மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. நீங்கள் எட்டரைக்கு நுழைந்து எட்டுக்கு வெளியேறினால் பதினொன்றரை மணி. சாதாரண விலக்கு விதிகளின் கீழ் ஒரு காலாண்டு முழுவதற்குமே ஓவர்டைம் 50 மணி நேரம்தான்; சிறப்பு ஆணை பெற்றிருந்தால் 75. அந்தப் பழைய கணக்கில் பார்த்தால் உங்களின் டிசம்பர் ஒன்றே மூன்று மாதத்துக்கான முதல் வரம்பை விழுங்கிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்து எழுதிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கியைப் பழைய சட்டத்தின் கணக்கிலும், பிந்தையதைப் புதிய சட்டத்தின் கணக்கிலும் கேட்க வேண்டும். புதியவற்றில் தொழிலாளிக்கு இழப்பு நிறைய இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது இருபதாக உயர்ந்துவிட்டது. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300க்குப் போய்விட்டது. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகக் கருதப்படும். ஓவர்டைமுக்கான மொத்த வரம்பு சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டு, அரசு விதிகளில் எழுதிக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி மாற்றம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. சட்டமன்றத்தில் மசோதாவாக வந்ததால் 2023இல் எதிர்க்க முடிந்தது, அரசிதழில் ஒரு வரியாக வந்துபோவதை எதிர்ப்பது கடினம்.

ஆனால் கையில் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைநாள், வாரத்தில் ஆறு நாள், இரட்டிப்புக் கூலி ஆகிய மூன்றும் புதிய சட்டத்திலும் நிற்கின்றன. ஓவர்டைமை நாள் கணக்கில் பார்ப்பதா வாரக் கணக்கில் பார்ப்பதா என்றால், தொழிலாளிக்கு எது சாதகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது என்று, அந்த நான்கில் பணிப் பாதுகாப்பையும் வேலை நேரத்தையும் பற்றிய தொகுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பஸ்ஸை எட்டு மணி வரை நிறுத்தி வைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமா என்று நானே வாதிடத் தயாராக இருக்கிறேன்.

ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். முன்பு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் அது பன்னிரண்டு மாதமாக இருந்தது. எத்தனை தொழிலாளர்கள் இருந்தாலும் ஒரே மனு போதும். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் உங்களுக்காக மனுச் செய்யலாம். கொடுத்துவிட்டோம் என்று நிறுவும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியோடு இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

நிறுவும் பொறுப்பு அவர்களுடையது என்றாலும், எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்பதை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கேதான் பெரும்பாலான வழக்குகள் நொண்டுகின்றன. "சுமார் இரண்டு ஆண்டுகளாக, தினமும் இரண்டு மூன்று மணி நேரம்" என்று எழுதப்பட்ட மனுவை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். மகளின் கணக்கு நோட்டில் தேதிவாரியாக எழுதிய பக்கத்தை அப்படிக் கிழிக்க முடியாது. அம்மா, நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பது மிகச் சரியான வேலை. ஒரு நோட்டு போதாது, அவ்வளவுதான். இருபது பேர் தனித்தனியாக எழுதி, இருபது நோட்டும் ஒரே நாளுக்கு ஒரே நேரத்தைச் சொன்னால், அந்த நீள நோட்டைக் கொண்டுவரச் சொல்லி நாம் கேட்கும் கேள்விக்கு வலு வந்துவிடும்.

தொரப்பாடி செவிலியர்

நான் சட்டம் அறியாதவள்; வேலூரில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் வேலை செய்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வரும் பெண்களில் சிலரைப் பார்த்தவுடன் தையல் லைன் என்று தெரிந்துவிடும். வலது தோள் இடது தோளைவிட உயர்ந்திருக்கும். கழுத்தைத் திருப்பச் சொன்னால் உடம்பையே திருப்புவார்கள். சிறுநீர்த் தொற்றோடு திரும்பத் திரும்ப வருவார்கள்; தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பார்கள். மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். எட்டு மணி வரை உட்காருவதை எந்த மாத்திரை மாற்றும்?

உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். இங்கே பேசப்படுவது 66 மணியும் 74 மணியும். அதற்குப் பிறகு வீட்டில் சமைக்கும் நேரத்தை எவரும் கூட்டுவதில்லை.

ராணிப்பேட்டை ஓய்வுபெற்றவர்

வழக்குரைஞர் ஐயாவின் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வீட்டுக்குப் போக பஸ் இருக்கும் பெண்களின் நிலை இது என்றால், தொழிற்சாலைக்குள்ளேயே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். அவர்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருப்பவனுக்கு வேலை நேரம் எங்கே முடிகிறது? அவனை எந்த நேரத்திலும் எழுப்பலாம். உங்கள் லைனிலோ பேக்கிங்கிலோ அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தால், மொழி தெரியாது என்று விட்டுவிடாமல் அவர்களின் மணிகளையும் எழுதச் சொல்லுங்கள்.

காட்பாடி மனிதவளம்

வழக்குரைஞரின் பதிலைப் படித்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நான் முன்பு எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 60 மணி நேர விதியால் நீள நோட்டு பிறந்தது என்றேன். விதியால் பிறக்கவில்லை, அந்த விதிக்குள் முடிக்க முடியாத ஆர்டரை ஒப்புக்கொண்டதால் பிறந்தது. அதை ஒப்புக்கொள்ளும் கூட்டத்தில் தையல் லைனிலிருந்து எவரும் உட்கார்ந்திருப்பதில்லை, மனிதவளத்திலிருந்தும் எவரும் இருப்பதில்லை.

உள்ளே இருந்தவன் என்ற முறையில் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பெண்களுக்கு அவர்களின் விகிதத்துக்குக் குறையாத இடம் வேண்டும். பல இடங்களில் குழு சுவரில் ஒட்டிய பட்டியலாக மட்டும் இருக்கும், பெயர் இருப்பவருக்கே தெரியாது. அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்து, அதிலுள்ளவர் வழியாக எழுத்தில் முதல் கடிதத்தைக் கொடுங்கள். எழுத்தில் வந்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் விழுந்த கடிதத்தை எந்த மனிதவள அலுவலரும் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட முடியாது. முதலில் இரட்டிப்புக் கூலியைக் கேட்காமல் பஸ் நேரத்தையும் பஞ்ச் நேரத்தையும் கேளுங்கள் என்பது என் யோசனை. அவை இரண்டுக்கும் பணம் செலவில்லை என்று நிர்வாகம் நினைக்கும். ஆனால் பஞ்ச் நேரம் சரியானால் மீதிக் கணக்கு தானே வெளியே வந்துவிடும்.

சத்துவாச்சாரி வழக்குரைஞர்

நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: கோபத்தில் லைன் முழுவதும் ஒரே நாளில் விடுப்பு எடுத்துவிட வேண்டாம். முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தம் என்று அதை மாற்றி எழுதிவிடுவார்கள். எட்டு மணி நேர வேலையை முழுமையாகச் செய்துவிட்டு, ஓவர்டைமுக்குச் சம்மதமில்லை என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுப்பது வேறு. வராமலே இருப்பது வேறு.

சங்கம் என்று யோசிப்பவர்களுக்கு: ஏழு பேர் விண்ணப்பம் கொடுத்துத் தொடங்கலாம், பதிவின்போது தொழிலாளர்களில் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். திருப்பெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததன் மையக் கோரிக்கையே சங்கப் பதிவும் அங்கீகாரமும்தான். பதிவு கைக்கு வர 2025 ஜனவரி ஆனது.

மாதனூர் தையல்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியின் மீதி நாட்கள் முழுவதும் நோட்டு எழுதினோம். முதலில் ஆறு பேர் எழுதினோம், மாத முடிவில் இருபத்து மூன்று பேர். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு அக்காமார்களுக்கு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் கேட்டைத் தாண்டும் நேரத்தை எல்லோரும் ஒன்றாகப் பார்த்து எழுதியதால் எங்கள் நோட்டுகளில் ஐந்து நிமிட வேறுபாடுகூட இல்லை. நீள நோட்டோடு ஒப்பிட்டபோது ஒவ்வொருவருக்கும் எட்டு முதல் பதினைந்து மணி நேரம் வரை குறைந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக என் நினைவுதான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறைதீர்ப்புக் குழுப் பட்டியல் கேண்டீன் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்த ஒரு பெயர் நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப்போன பெண்ணுடையது. இன்னொருவர் ஃபினிஷிங்கில் இருக்கிறார். தான் குழுவில் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது, ஆனால் தெரிந்ததும் பின்வாங்கவில்லை. கடிதத்தில் முதல் கையெழுத்து யார் போடுவது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கடைசியில் டோக்கன் எண் வரிசையில் போட முடிவு செய்தோம். அப்படிச் செய்தால் யாரும் முதல் ஆள் இல்லை. முப்பத்தோரு பேர் போட்டோம்.

நோன்பு தொடங்கிய வாரம் அது. சென்ற ஆண்டு வரை எங்கள் லைனில் நோன்பிருக்கும் பெண்கள் மெஷினிலிருந்து எழாமல் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து நோன்பு திறப்பார்கள். மற்றவர்கள் அந்த இரண்டு நிமிடம் அவர்களின் துண்டுகளையும் சேர்த்துத் தைத்துவிடுவோம். கடிதத்தில் அதையும் எழுதியிருந்தோம்.

நிர்வாகம் எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டுப் பேசியது. யாருடைய தூண்டுதல் என்று முதலில் கேட்டார்கள். நாங்கள் நோட்டுகளின் நகலை மேசையில் வைத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. இப்போது மூன்று பஸ்களில் ஒன்று ஐந்து இருபதுக்குப் புறப்படுகிறது. வெளியே போகும்போதுதான் பஞ்ச் போட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே கேட்டு, வருகிறேன் என்பவர்களை மட்டும் அழைக்கிறார்கள். முதல் நாள் ஐந்து இருபது பஸ்ஸில் பதினான்கு பேர்தான் ஏறினோம். ஊர் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. என் மகள் வாசலில் நின்று, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எவரும் நினைக்க வேண்டாம். பேச்சுக்குப் போன நால்வரில் ஒருவரைத் தையலிலிருந்து எடுத்து பேக்கிங்கில் நிற்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தேவைக்கேற்ற மாற்றம் என்கிறார்கள். அவருக்கு முட்டி வலி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயரோடு இரண்டாவது கடிதம் தயாராகிறது. பழைய பாக்கியைப் பற்றிப் பேசவே மறுக்கிறார்கள். பஸ்ஸைப் பிடித்துப் போகும் எங்களைக் கூலி குறைகிறதே என்று திட்டும் வீடுகளும் உண்டு. அந்தப் பெண்களின் மீது எனக்கு வருத்தமில்லை.

ஒரு கேள்வி ஐயா. பிப்ரவரிச் சம்பளச் சீட்டில் முதல்முறையாக ஓவர்டைம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. எனக்கு 22 மணி நேரம், 1,375 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது இன்னும் ஒற்றைக் கூலிதான். இதை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

சத்துவாச்சாரி வழக்குரைஞர்

ஆகாது. சட்டம் கொடுத்த கூலியைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. பணத்தை வாங்குங்கள், கையெழுத்துக்குப் பக்கத்தில் "இரட்டிப்புக் கூலிக்கான உரிமைக்கு உட்பட்டு" என்று எழுதிவிடுங்கள். உங்கள் கையிலிருக்கும் அந்தச் சீட்டு இதுவரை நமக்குக் கிடைத்தவற்றில் மிகச் சிறந்த ஆவணம்: மணியை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், தொகையும் அவர்களே அச்சிட்டது. 2,750 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 1,375 என்று காட்ட வேறு சாட்சி தேவையில்லை.

முப்பத்தோரு பேரின் பிப்ரவரிச் சீட்டுகளையும் எடுத்துவாருங்கள். பழைய ரொக்கக் கவர்களை எவராவது வீட்டில் வைத்திருந்தால், அவற்றின் மேல் பென்சிலால் மணிக்கணக்கு எழுதியிருந்தால், அவற்றையும். பேக்கிங்குக்கு மாற்றப்பட்டவரின் பழைய பணி ஆணையும் வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். ஐந்து இருபது பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம்.